அடுத்த நாவலைச் சீட்டு தேர்ந்தெடுக்கட்டும்

மாற்றல் ஆணை வந்தவுடன் தமிழ்க் குடும்பங்களில் முதலில் கட்டப்படுவது பாத்திரப் பெட்டி. கடைசியில் கட்டப்படுவது புத்தகப் பெட்டி. புதிய ஊரில் முதலில் பிரிக்கப்படுவதும் பாத்திரப் பெட்டியே. புத்தகப் பெட்டி பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில், கயிறு அவிழாமலே, அடுத்த மாற்றலுக்குக் காத்துக்கிடக்கிறது. பிரித்து அலமாரியில் அடுக்கிய வீடுகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. தாயோ தந்தையோ கல்லூரிக் காலத்தில் வாங்கிய நாவல்கள், முதுகுத்தாள் நைந்து, வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றின் முன்னே சற்று நின்று பார்க்கின்றனர். எதை எடுப்பது என்று தெரியாமல் விலகிச் செல்கின்றனர்.

தில்லியிலோ புனேயிலோ கவுகாத்தியிலோ தமிழை விருப்பப் பாடமாகக் கற்கும் மாணவர் ஒருவரிடம், அடுத்து எந்தத் தமிழ் நாவலைப் படிக்கப் போகிறாய் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: 'பொன்னியின் செல்வன்'. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அது திரைப்படமாக வந்தபின் இவ்விடை இன்னும் உறுதிப்பட்டுவிட்டது. நல்ல விடையே. ஆனால் அந்நாவல் ஐந்து பாகங்களைக் கொண்டது. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. முதற்பாகத்தின் நடுவில் வந்தியத்தேவனைக் குதிரையோடு நிறுத்திவிட்டு, இரண்டு ஆண்டுகளாக அதையே 'படித்துக்கொண்டிருக்கும்' மாணவர்கள் உண்டு. அதை முடித்த பிறகே வேறு நூல் என்று அவர்கள் எண்ணுவதால், வேறு நூலும் இல்லை, அந்நூலும் இல்லை.

இந்தத் தேக்கத்தை உடைக்க எளிய வழி ஒன்று உண்டு. படிக்க வேண்டும் என்று நினைத்து இன்னும் படிக்காத நாவல்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, மடித்து, ஒரு சொம்பில் இட்டுக் குலுக்கி, ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த நாவலைக் குறித்த நாளுக்குள் படித்து முடிக்க வேண்டும். உலகின் பல மொழி வாசகர்களிடையே இத்தகைய பழக்கம் இருக்கிறது. இருபது செவ்வியல் நூல்களுக்கு எண்ணிட்டு வைத்துக்கொள்வர். ஏதேனும் ஓர் எண் பொதுவாக அறிவிக்கப்படும். அவரவர் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் நூலை அவரவர் படிப்பர். தேர்வைத் தற்செயலிடம் ஒப்படைப்பதே இதன் சாரம்.

இதைக் கேட்டவுடன் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. படிப்பு என்ன பரிசுச் சீட்டா, ஆய்ந்து தேர வேண்டியதைக் குருட்டு வாய்ப்பிடம் விடலாமா என்பது அவர்தம் வினா. இவ்வினாவுக்கு விடை தமிழகத்துக் கல்வெட்டு ஒன்றிலேயே கிடைக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபையோர் அனைவரும் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது. விரல் மடங்கினால் வேறோர் ஓலை உள்ளே ஒளிந்திருக்கலாம் அல்லவா! இதுவே குடவோலை முறை.

இம்முறையில் கருதத்தக்கது சிறுவனின் கை அன்று. அதற்கு முன் நடந்த வேலை. யார் பெயரும் குடத்துக்குள் எளிதில் விழுந்துவிடவில்லை. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மிகாமலும் வயதும், கல்வியும் உடையவராக இருத்தல் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் எழுதப்படாது. கணக்குக் காட்டாதவர் பெயரும் எழுதப்படாது. எல்லா ஆய்வும் முடிந்த பின்னரே தற்செயலுக்கு இடம் தரப்பட்டது. எடுக்கப்பட்டவர் எவராயினும் தகுதியுடையவரே என்ற உறுதி அதற்கு முன்பே அமைந்துவிட்டது.

நாவல் படிப்புக்கும் இது பொருந்தும். சொம்பில் விழும் பெயர்களை ஆய்ந்து எழுதிவிட்டால், வெளியே வருவது எதுவாயினும் நட்டமில்லை. மூன்றாண்டு விதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அண்மையில் படித்த ஆசிரியரின் நூல் இம்முறை பட்டியலில் வேண்டா. கணக்குக் காட்டாதவருக்கான விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், சென்ற முறை எடுத்த நூலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தராத மாணவர் இம்முறை சீட்டு எடுக்க இயலாது. சோழர் காலத்து விதி மாணவர்களுக்கு அவ்வளவு இனிக்காது என்பது வேறு செய்தி.

உத்திரமேரூர்க் குடம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. சிறுவனின் கை பாகுபாடு அறியாதது. ஆனால் குடத்துக்குள் யார் பெயர் விழும் என்பதை வகுத்த விதி அப்படியன்று. நிலமே இல்லாத உழவர் பெயர் அக்குடத்தில் விழவே இல்லை. உள்ளே இடாத ஓலையை எந்தக் கையும் எடுக்க முடியாது. எனவே பட்டியல் எழுதுவோர் தம்மைத்தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: அரசர் கதைகளை மட்டுமே எழுதியிருக்கிறோமா? பனையேறிகளின் வாழ்வைச் சொல்லும் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்', பூமணியின் 'பிறகு', கடலோர முஸ்லிம் மக்களைக் காட்டும் தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' ஆகியவை சொம்பில் உள்ளனவா? இல்லையென்றால் எத்தனை முறை குலுக்கினாலும் தமிழகத்தின் ஒரு மூலையே திரும்பத் திரும்ப வெளிவரும்.

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இம்முறை தமிழகத்துப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. காரணம் எளிது. தமிழகத்தில் வளர்வோருக்குத் தமிழ் எழுத்து தேடாமலே எதிர்ப்படுகிறது. முடிதிருத்தகத்தில் காத்திருக்கையில் பழைய வார இதழ் கைக்கு வருகிறது. பேருந்து நிலையக் கடையில் அட்டைப்படங்கள் தொங்குகின்றன. சுண்டல் மடித்துத் தந்த தாளில் ஏதோ ஒரு கதையின் நடுப்பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்து வைத்த பாட்டிமார் இருந்தனர். பரணில் ஏறிய சிறுவன் அப்படித் தைத்த தொகுப்பு ஒன்றைக் கண்டெடுத்து, அங்கேயே அமர்ந்து படித்து, உணவுக்கு இறங்கி வர மறுத்ததுண்டு. அவன் அந்நூலைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவன் கையில் விழுந்தது.

வெளிமாநிலத்தில் இந்த விபத்துகள் நிகழ்வதில்லை. அங்கே சுண்டல் மடித்த தாளில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ இருக்கும். அதிலும் தவறில்லை, அம்மொழிகளையும் அப்பிள்ளைகள் விரும்பிக் கற்கின்றனர். ஆனால் தமிழ் மட்டும் அவர்களுக்குத் திட்டமிட்ட நேரத்தில், திட்டமிட்ட பக்கங்களில், வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டுமே கிடைக்கிறது. எதிர்பாராமல் கிடைப்பது ஒன்றும் இல்லை. கைப்பேசியும் இவ்வகையில் உதவுவதில்லை. முன்பு பார்த்தது எதுவோ, அதைப் போன்றதையே அது மீண்டும் நீட்டுகிறது. தமிழில் இதுவரை ஒன்றும் படிக்காத பிள்ளைக்கு அது நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, ஊரும் உறவும் தந்துவந்த தற்செயலை ஒரு சொம்பைக் கொண்டு செய்து தர வேண்டியிருக்கிறது.

மேலும், தேர்வு என்பது அறிந்தவர்க்கே இயலும். மோகமுள் என்றால் என்ன, தலைமுறைகள் என்றால் என்ன என்று அறியாத மாணவரிடம் விரும்பியதை எடுத்துக்கொள் என்று சொல்வது தாராளம் போலத் தோன்றும். உண்மையில் அது அவரைக் கைவிடுவதாகும். எதை எடுத்தாலும் தவறாகிவிடுமோ, பாதியில் விட்டால் தமிழ் தெரியவில்லை என்பார்களோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. வீட்டில் தமிழ் பேசியும் அச்செழுத்தைக் கண்டால் விரல் வைத்துப் படிக்க வேண்டிய நிலையில் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கூச்சம் சிறிதன்று. சீட்டு எடுக்கும்போது அக்கூச்சம் குறைகிறது. நூல் கடினமாக இருந்தால் குற்றம் சொம்பினுடையது!

எடுத்த சீட்டு என்ன தரும் என்பதைச் சில நூல்களைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

ஐதராபாத்தில் வளரும் ஒரு மாணவிக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' வருகிறது என்று கொள்வோம். 1977-இல் வெளிவந்த நாவல் அது. அதன் நாயகன் சந்திரசேகரன், செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பையன். தந்தை இரயில்வே ஊழியர். கிரிக்கெட்டும் கல்லூரியும் நண்பர் வீடுகளுமாகக் கழியும் அவனுடைய நாள்களுக்குள், நிஜாம் அரசின் இறுதிக் காலம் மெல்ல மெல்ல நுழைகிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் வரும் வரையிலான அச்சமும் குழப்பமும் ஒரு பையனின் கண் வழியே விரிகின்றன. அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வயதுக்குப் பின்னரே சென்னைக்கு வந்தவர். தமிழ் நாவல் என்றாலே காவிரிக் கரையில் நடக்க வேண்டும் என்று எண்ணியிருக்கும் அம்மாணவி, தான் நாள்தோறும் கடந்து செல்லும் தெருக்களில் ஒரு தமிழ்ப் பையன் மிதிவண்டி ஓட்டிச் செல்வதைக் காண்பாள். தானாகத் தேடியிருந்தால் இந்நூல் அவளுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பெயரைப் பார்த்தவுடன் புவியியல் நூல் என்று ஒதுக்கியிருக்கவும் கூடும்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' வந்தால் கதை நேர்மாறாகத் திரும்பும். அதில் வருவோர் தெலுங்கு பேசும் மக்கள். தம் நாட்டைவிட்டு அஞ்சி வெளியேறித் தெற்கே வந்து, கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கியவர்கள். அவர்கள் வந்த கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டி சொல்லச் சொல்ல, ஊரே சூழ்ந்து அமர்ந்து கேட்கிறது. தாம் மட்டுமே மொழிமாறிய ஊரில் வாழ்வதாக எண்ணும் பிள்ளைகள், தமிழ்நாட்டுக்குள்ளேயே அவ்வாறு வந்து தங்கி, தமிழுக்கே கதைகள் தந்தோர் இருக்கின்றனர் என்று காண்பர். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' இன்னொரு வகை. வளர்ப்புத் தந்தையின் ஊரையும் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் தேடி ஹென்றி என்னும் இளைஞன் ஒரு சிற்றூருக்கு வருகிறான். விடுமுறைக்கு மட்டும் சொந்த ஊர் செல்லும் பிள்ளைகளுக்கு அந்த வருகையின் தயக்கமும் வியப்பும் புதியன அல்ல.

எல்லாச் சீட்டும் இப்படி இனிமையாக வாய்க்காது. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' வந்தால் முதல் பத்துப் பக்கங்களிலேயே பலர் திகைப்பர். 1968-இல் வெளிவந்த அந்நாவல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து இரணியல் வட்டாரப் பேச்சில் நடப்பது. உண்ணாமலை ஆச்சியின் பேச்சு தஞ்சாவூர்க் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாதிதான் விளங்கும். நாகர்கோவில் குடும்பத்துப் பிள்ளைக்கோ வீட்டில் கேட்ட குரலாகவே இருக்கும். இதற்குத் தீர்வு உண்டு. கண்ணால் படித்துப் புரியாத பேச்சு, வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். அதுவும் முடியாதபோது அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்கலாம். ஒரு சொல்லின் பொருள் கேட்கத் தொடங்கிய பேச்சு, கேட்டவரின் தாத்தா வீட்டுக் கிணறு வரை செல்லக்கூடும். அப்படிப்பட்ட நாளில் நாவல் நான்கு பக்கம்கூட நகராது, நகராவிட்டால் என்ன?

இங்கே ஓர் எதிர்வாதம் வலிமையானது. மாணவரின் வயதும் மொழித்திறனும் அறிந்த ஆசிரியர் இருக்க, சீட்டு எதற்கு? ஆசிரியர் தேர்ந்து தரும் நூலே பொருத்தமானது என்பர். பட்டியலைப் பொறுத்தவரை இது முழுதும் உண்மை. எட்டாம் வகுப்புக்கு ஏற்றது பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏற்றதன்று. சில நல்ல நாவல்கள் வயது வந்த பின்னரே படிக்கத்தக்கவை. சொம்பு இரண்டாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' போன்ற, ஒரே நாளின் சல்லிக்கட்டுக்குள் முடிந்துவிடும் சிறு நாவல்கள் தொடக்கநிலைச் சொம்பில் மிகுதியாக இருப்பது நல்லது. ஆனால் இறுதித் தேர்வையும் ஆசிரியரே செய்தால், நூல் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. கட்டளையாக வந்த நூலைப் பிள்ளைகள் எதிர்ப்பர். குலுக்கலில் வந்த நூலோடு அவர்கள் மல்லுக்கட்டுவர். இரண்டும் வேறு.

குலுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பன்னிரண்டு நூல்களுக்கு எண்ணிட்டு இரண்டு பகடைகளை உருட்டலாம் என்று சிலர் முனைவர். கணிதம் அதற்கு இடம் தராது. முப்பத்தாறு வாய்ப்புகளில் கூட்டுத்தொகை ஏழு வருவதற்கு ஆறு வழிகள் உண்டு. இரண்டோ பன்னிரண்டோ வருவதற்கு ஒவ்வொரு வழியே உண்டு. ஒன்று வரவே வராது. இதை அறிந்த சூட்டிகையான மாணவர், பருமனான நூலை முதல் எண்ணில் எழுதிவிட்டுக் கவலையின்றி இருப்பார். ஒரே அளவு சீட்டும் சொம்புமே நேர்மையானவை. எடுப்பவர் வகுப்பிலேயே இளையவராக இருந்தால் உத்திரமேரூர் மரபும் காக்கப்படும்.

பிடிக்காத பெயர் வந்தால் மீண்டும் குலுக்கலாமா என்ற கேள்வி உடனே எழும். கூடாது. மீண்டும் குலுக்கினால் விரும்பியது வரும் வரை குலுக்குவதாகவே அது முடியும். ஆனால் ஐம்பது பக்கங்கள் நேர்மையாகப் படித்த பின்னும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடலாம். அந்நூலை மீண்டும் சொம்பிலேயே இடவேண்டும். பதினான்கு வயதில் ஒட்டாதது பதினேழு வயதில் ஒட்டுவதுண்டு.

தமிழ் மரபில் நூலும் தற்செயலும் முன்பே அறிமுகமானவை. திருமுறைச் சுவடியில் கயிறு சாத்தி, அது காட்டிய பாடலை இறைவன் குறிப்பாக ஏற்கும் வழக்கம் சைவரிடையே இருந்துவந்தது. நாவலுக்கான சீட்டில் அத்தகைய தெய்வக் குறிப்பு ஒன்றும் இல்லை. அதை அப்படி எண்ணவும் வேண்டா. இங்கே நினைவுகூரத்தக்கது வேறொரு நிகழ்ச்சி.

1880-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, அந்தாதிகளும் கலம்பகங்களும் கோவைகளும் உலாக்களுமாக எண்ணற்ற நூல்களைப் படித்து முடித்திருந்தார். அவ்வாண்டு சேலம் இராமசாமி முதலியார் என்பவர் முன்சீபாக மாற்றலாகி அவ்வூருக்கு வந்தார். அக்டோபர் 21 அன்று அவரைக் காணச் சென்ற சாமிநாதையர், தாம் படித்த நூல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் அதைப் படித்ததில்லை. முதலியார் தந்த பிரதியிலிருந்து தொடங்கிய உழைப்பில், 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அதன் பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் அச்சேறின. முதலியாரை அவ்வூருக்கு அனுப்பிய மாற்றல் ஆணை வேறோர் ஊருக்கு அனுப்பியிருந்தால் அச்சந்திப்பு எப்போது, எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. மாற்றல் ஆணைகளைத் தம் நட்பைப் பிரிக்கும் தாள்களாகவே அறிந்த பிள்ளைகளுக்கு இச்செய்தி சற்று ஆறுதலாக இருக்கலாம்.

பட்டியல் எழுதும் முன் ஒன்றை உறுதிசெய்தாக வேண்டும்: சீட்டில் எழுதப்படும் நூல் உண்மையிலேயே கிடைக்க வேண்டும். எடுத்த நூல் கைக்கு வராவிட்டால் ஆர்வம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். தில்லித் தமிழ்ச் சங்கம், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்றவற்றில் நூலகங்கள் உள்ளன. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் விலையின்றிப் படிக்கலாம். முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், 1879-இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'மும் கல்கியின் நாவல்களும் இவ்வாறு எட்டும் தொலைவில் உள்ளவை. ஆயினும் முதலில் தேட வேண்டிய இடம் கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டிதான். அதன் கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருக்கும் நூல்களின் பெயர்களைத் தாயோ தந்தையோ சொல்லச் சொல்லப் பிள்ளையே தன் கையெழுத்தில் சீட்டுகளில் எழுதட்டும். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும். அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். 'இதை எந்த ஊரில் வாங்கினீர்கள்' என்ற கேள்வி அப்போது தானே பிறக்கும்.

எடுத்த சீட்டை எறிந்துவிட வேண்டியதில்லை. படித்து நிறுத்திய பக்கத்துக்கு அடையாளமாக, அந்நூலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.